நீலகிரித் தைலம் மருந்துதான்: மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக் கடைகளில் ஒரே நீலகிரித் தைலம் (யூகலிப்டஸ் தைலம்) மூன்று பெயரில் விற்பனையாகிறது. லேபிளில் "சளி, மூட்டுவலிக்கு" என்று அச்சிட்டால், 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி அது மருந்து. "கூந்தலுக்கு, சருமத்துக்கு" என்றால் அழகுசாதனப் பொருள். அதற்கு 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின் கீழ் உரிமம் வேண்டும். "அறை நறுமணத்துக்கு" என்று போட்டுவிட்டால் இரண்டிலும் சிக்காது. ஆனால் அந்தப் புட்டியையும் கடைக்காரர் சளிக்கு என்று சொல்லித்தான் கொடுக்கிறார். வாங்குபவரும் அதற்காகத்தான் வாங்குகிறார்.

மருந்து விதிகளின் கே அட்டவணையிலுள்ள வீட்டு மருந்துப் பட்டியலில் யூகலிப்டஸ் தைலம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. மக்கள்தொகை ஆயிரத்தைத் தாண்டாத கிராமத்தில் விற்பனை உரிமம் இல்லாமல் விற்கலாம் என்பதுதான் அங்கே தரப்படும் சலுகை. சரக்கு உரிமம் பெற்ற தயாரிப்பாளருடையதாகவும், அவர் அடைத்த புட்டி பிரிக்கப்படாததாகவும் இருக்க வேண்டும். ஊட்டிக் கடைவீதி அப்படிப்பட்ட கிராமமல்ல. கேனில் வாங்கி, கடையிலேயே புட்டியில் ஊற்றி, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாமல் விற்பதற்கு இந்தச் சலுகை எங்குமே பொருந்தாது.

நாங்கள் இதை வலியுறுத்தக் காரணம் குழந்தைகள். இரண்டு மூன்று மி.லி. விழுங்கிய சிறு குழந்தைகளே மயக்க நிலைக்குப் போனதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. அளவு கூடினால் வலிப்பும் ஆழ்மயக்கமும் வரலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதே அலமாரியில், அதே வடிவப் புட்டியில் விண்டர்கிரீன் தைலமும் இருக்கிறது. அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட் என்ற, ஆஸ்பிரின் வகை வேதிப்பொருள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம்: 325 மி.கி. மாத்திரை இருபதுக்கும் மேல். இந்த இரண்டையும் ஒரே நிற மூடியில் விற்க விடுவது பெரும் தவறு.

ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் தைலம் நச்சுப்பொருள் அட்டவணையில் இருக்கிறது. செறிவு, மூடி, எச்சரிக்கை வாசகம் ஆகியவற்றைப் பொறுத்தே அங்கே விலக்குக் கிடைக்கிறது. இங்கும் புட்டியிலிருந்து தொடங்கலாம். பழுப்பு நிறக் கண்ணாடி, கழுத்தில் சொட்டு அடைப்பான், அதன்மேல், குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடிக்கான ஐஎஸ்ஓ 8317 சோதனையில் தேறிய அழுத்தித் திருகும் மூடி. அடைப்பான் இல்லாமல் மூடி மட்டும் போதாது. பெரியவர்கள் மூடியை அரைகுறையாகத் திருகி வைப்பது வீட்டில் சகஜம். அடைப்பான் இருந்தால் கவிழ்த்தாலும் சொட்டாகத்தான் விழும். ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாயையே மூடியாகப் போடுவதைத் தடுக்க வேண்டும்: தைல ஆவி பட்டு ரப்பர் உப்பி இளகும், மூடி கசியும்.

கலப்படமும் பாதுகாப்புப் பிரச்சினைதான். டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ கலந்த தைலம் நுரையீரலுக்குள் இறங்கினால் பாதிப்பு இன்னும் மோசம். ஆய்வாளர் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: ஒரு பங்கு தைலத்தை ஐந்து பங்கு 70 சதவீத ஆல்கஹாலில் விட்டுக் கலக்குங்கள். கலங்கினாலோ எண்ணெய் பிரிந்து நின்றாலோ மாதிரி எடுக்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.906-க்குக் கீழே போனாலும் சந்தேகம்தான். இவற்றில் தேறியதாலேயே சுத்தம் என்று கொள்ள முடியாது. தைலத்தின் முக்கிய வேதிப்பொருளான சினியோலின் அளவை ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்பாய்வில் (கேஸ் குரோமட்டோகிராபி) பார்த்தாக வேண்டும். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய மருந்தியல் நூல் கேட்பது குறைந்தது 70 சதவீதம்.

மத்திய விதிகளை மாநிலம் திருத்த முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். சொட்டு அடைப்பானையும் பாதுகாப்பு மூடியையும் விதியாக்கும்படி மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்துக்குத் தாங்கள் பரிந்துரை அனுப்பலாம். கடையில் ஊற்றி விற்பதை நிறுத்தும் சுற்றறிக்கைக்கு இப்போதைய விதிகளே போதும். சித்த, ஆயுர்வேத உரிமத்தில் வரும் தைலங்களும் தப்பிவிடாதபடி இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறையுடன் சேர்ந்தே அதை வெளியிட வேண்டும். சுற்றறிக்கையோடு லேபிளுக்கு இந்தத் தமிழ் வாசகத்தையும் சேர்க்கக் கோருகிறோம்:

"வெளிப்பூச்சுக்கு மட்டும். குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவாதீர்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்."

இப்படிக்கு,
நீலகிரியில் தைலம் காய்ச்சுவோரும் மருந்தாளுநர்களும்