டயரில் பட்டன் இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை ஏலத்தில் எடுத்து ஓட்டுகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் செல்ஃப் அடித்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டால் யோசிக்காமல் எடுக்கலாம், அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று போகிறபோக்கில் ஒரு யோசனை சொல்லியிருந்தார்களே, அதைப் படித்ததும் என் மைத்துனருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அப்புறம், "இவங்க யாராவது ஒருத்தர் அந்த இடது சக்கரத்தைக் கழட்டிப் பாக்கணும் மாமா" என்றார். என்ஜின் பிடித்தால் போதும் என்ற அதே நினைப்பில் கிளம்பிப் போய், ஒரே நாளில் முடியவேண்டிய 400 கிலோமீட்டரை மூன்று நாளில் முடித்தவர்கள் நாங்கள். அதிலும் கடைசி 150 கிலோமீட்டர் எங்கள் லாரி ஓடி வரவில்லை, இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி வந்தது.

நாங்கள் எடுத்தது எம்35ஏ2. அமெரிக்காவின் ரியோ நிறுவனம் 1950 வாக்கில் வடிவமைத்த வரிசையில் பின்னால் வந்த ரகம், பல நாட்டு ராணுவங்கள் ஓட்டிய வண்டி. இரண்டரை டன் லாரி என்பார்கள். அது பாதையில்லாத இடத்தில் ஏற்றக்கூடிய பாரத்தின் கணக்கு, வெறும் வண்டியே ஆறு டன்னுக்குக் கிட்ட வரும். மூன்று அச்சும் இழுக்கும், பத்து டயர், 7.8 லிட்டர் டர்போ என்ஜின். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் விமான எரிபொருள் என்று எதை ஊற்றினாலும் எரித்துத் தள்ளுகிற ஜாதி.

கிடங்கில் இருந்தவர் பட்டனை அழுத்தினார் (இதற்குச் சாவி கிடையாது, ஒரு லீவரைத் திருப்பிவிட்டு பட்டனை அழுத்த வேண்டும், அணைக்க ஒரு கம்பியை இழுக்க வேண்டும்). கரும்புகை ஒரு தடவை கக்கிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது. டர்போ விசிலடித்தது. நாங்கள் இரண்டு பேரும் கச்சேரி கேட்கிற மாதிரி அரை மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றோம். கிலோமீட்டரும் குறைவு, டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடு) புதுசு மாதிரி நிமிர்ந்து நின்றது, வேறென்ன வேண்டும்? வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் குனியவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ராணுவ லாரி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பத்து வருஷம், இருபது வருஷம் வரிசையில் நிற்கும்போது இரும்புக்கு ஆவதைவிட ரப்பருக்கு ஆவதுதான் அதிகம். ஹோஸ், சீல், டயர், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கிண்ணம், எல்லாம் வெளியே பார்க்க முழுசாக இருக்கும், சூடும் அழுத்தமும் ஏறும்போதுதான் வயசு தெரியும். டயரின் வயசைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருந்தால், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2309 என்றால் 2009-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். நான்குக்குப் பதில் மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்திய டயர், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. எங்கள் லாரியில் மூன்று டயரில் மூன்று இலக்கம். இதை நான் படித்தது வாங்குவதற்கு முன்னால் இல்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தபோது.

ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வந்திருப்போம். 70-க்கு மேல் போகவில்லை, கேபினுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, அதனால் டமார் என்ற சத்தத்தைக்கூட என்ஜின் சத்தத்தில் ஒன்று என்றே நினைத்தோம். கண்ணாடியில் ரப்பர் பட்டை ஒன்று ரோட்டில் உருண்டு போவதைப் பார்த்துத்தான் ஓரங்கட்டினேன். இடப்பக்கம் பின்னால், டபுள் டயரில் உள் டயர் தோலுரிந்து கிடந்தது. சரி, ஸ்டெப்னி இருக்கிறது, மாற்றிவிடலாம் என்று மைத்துனர் வீல் ஸ்பேனரைப் போட்டார். அசையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம், அசையவில்லை. ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் சொருகி அதன்மேல் நான் ஏறி நின்றேன். நட்டு நகர்ந்தது, நிம்மதியாக மூச்சுவிட்டேன், அடுத்த நொடி போல்ட் முறிந்து நட்டோடு என் காலடியில் விழுந்தது. முறிந்த துண்டை எடுத்துத் துருவைத் துடைத்துப் பார்த்தால் முனையில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து, எல். இடது மரை. அந்த லாரியில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு எதிர்மரை, கழற்ற வேண்டுமானால் நாம் பழகியதற்கு நேர்மாறாகச் சுற்ற வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரமாக உயிரைக் கொடுத்து இறுக்கிக்கொண்டிருந்தோம். மற்ற நட்டுகளை மாற்றிச் சுற்றியதும் முனகிக்கொண்டே வந்துவிட்டன. (ஸ்டெப்னியில் காற்று குறைவாக இருந்தது, அங்கேயே அடிக்கலாம் என்று மைத்துனர் சொன்னதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. டயரைப் பிடித்துவைக்க பூட்டு வளையம் வைத்த ரிம் அது, காற்று ஏறும்போது வளையம் தெறித்தால் ஆள் காலி. கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் இதுதான்.) குறைந்த காற்றோடு அதைப் பின்னால் மாட்டி, உருட்டிக்கொண்டு போய் ஒரு லாரி டயர் கடையில் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஹெட்லைட் போட முடியவில்லை, அது தனிக்கதை. பூட்டு லீவர் ஒன்றைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மற்ற லீவரைத் திருப்பினால்தான் எரியும். போர்க்களத்தில் தவறிப்போய் விளக்கு எரிந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய விஷயம். மறுநாள் நடந்ததுதான் சிரிக்க முடியாதது.

காலையில் பிரேக் மிதி முந்தைய நாளைவிட ஒரு விரல் கூடுதலாக உள்ளே போனது. இரண்டாம் தடவை மிதித்தால் மேலே வந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று கிளம்பிவிட்டோம். மதியத்துக்குள் இரண்டு விரல். அப்போதுதான் வலப்பக்கப் பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக மின்னுவதை மைத்துனர் பார்த்தார். வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. இந்த லாரியின் பிரேக்கில் காற்று உதவிக்கு வரும், ஆனால் சக்கரத்தில் வேலை செய்வது ஆயில்தான், அத்தனை சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. இன்றைக்குச் சின்னக் காரில்கூட பாதை இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். இதில் எங்காவது ஒரு சிலிண்டரோ ஹோஸோ போனால் மொத்தமும் போனது. காற்று இறங்கினால் எச்சரிக்க பஸ்ஸர் இருக்கிறது, ஆயில் இறங்கினால் உங்கள் கால்தான் சொல்ல வேண்டும். ஹேண்ட் பிரேக்கை நம்பலாமா என்றால், அது சக்கரத்தில் இல்லை, இழுவையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ஒரே ஒரு டிரம். நின்ற வண்டியைப் பிடித்துவைக்கும், இறக்கத்தில் ஓடும் ஆறு டன்னை நிறுத்தாது.

ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டிவிடலாம் என்று வழியில் ஒரு மெக்கானிக் சொன்னார். உள்ளே இருப்பது ராணுவம் ஊற்றிய சிலிக்கோன் ஆயில் என்றால் கடையில் கிடைக்கும் சாதாரண பிரேக் ஆயிலை அதோடு கலக்கக் கூடாது. எது இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. அதோடு எங்களுக்கு முன்னால் இருந்தது மலைப்பாதை. லாரியையே முதுகில் ஏற்றிப் போகும் லோ பெட் வண்டியை வரச் சொன்னோம். அதன் வாடகையை வாயால் சொல்ல மாட்டேன், முதல் நாளே அந்த வண்டியை வரச் சொல்லியிருந்தால் டயர், போல்ட், இரண்டு ராத்திரித் தங்கல் எல்லாம் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் பிரேக்கைப் பிரித்தோம். சக்கரம் மாட்டும் ஆறு இடத்தில் நான்கில் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அப்படியானால் அந்த இரண்டு நாளும் நாங்கள் வண்டியை நிறுத்தியது எதை வைத்து? என்ஜின் மட்டும் இன்றுவரை ஒரு குறையும் சொல்லவிடவில்லை. அதை மட்டும் கேட்டுவிட்டு வாங்கியதுதான் எங்கள் தப்பு.

உங்கள் கட்டுரையோடு வந்த படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். புதிதாக எடுத்த லாரியின் பின்டயரில் கைவைத்துக்கொண்டு ஓர் இளைஞர் சிரிக்கிறார், நாளைக்கு ஓட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறேன் என்று அவர் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். அவர் கட்டைவிரலுக்குக் கீழே நான்கு இலக்கம் தெளிவாகத் தெரிகிறது: 3804. அவருடைய போன் நம்பர் உங்கள் நிருபரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
லோ பெட் வாடகை கொடுத்த ஒரு வாசகர்