தகட்டைக் கொடுத்தவன் கோழையா, சார்?

அன்புள்ள சார்,

நாளை உங்களுக்கு முதல் திதி. நான் வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்; உங்கள் வீட்டு அம்மாவும் இதைப் படிப்பார்கள் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

அமிலத்தில் அரித்த தகட்டிலிருந்து அச்செடுத்த என் எட்சிங் படங்களைக் கண்காட்சியிலிருந்து நான் இறக்கிய அன்று, ஸ்பானிய ஓவியர் கோயாவை இழுத்து, "கோயாவும் இப்படித்தான், தகடுகளை ராஜா காலில் கொண்டுபோய்க் கொட்டினான். கோழை" என்றீர்கள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பதிலை இப்போது சொல்கிறேன்.

1799 பிப்ரவரியில் அவருடைய 'காப்ரிச்சோஸ்' எட்சிங் வரிசையின் 80 படங்களும் மாட்ரிட்டில் வாசனைத் திரவியமும் மதுவும் விற்ற ஒரு கடையில் விற்பனைக்கு வந்தன. 27 தொகுதிகளுக்கு மேல் போகவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார். 1803இல் செப்புத் தகடுகளை ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸிடம் ஒப்படைத்து, மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டார். வாங்கினார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதையாவது சுரண்டி அழித்துவிட்டா கொடுத்தார்? மதக்குற்றங்களை விசாரித்த திருச்சபையின் மதவிசாரணை மன்றம் தண்டித்த பெண்ணைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடும் 24ஆம் தகடும் அந்தக் கட்டில்தான் போனது. மன்னரிடம் கொடுத்தும் தன்மேல் அந்த மன்றத்துக்குப் புகார் போனது என்று 1825இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து அவரே எழுதினார். அரசரின் அச்சகத்துக்குப் போனதால்தான் அந்தத் தகடுகள் பிழைத்தன, சார்.

எனக்கு 39ஆம் படத்தை நீங்கள் காட்டிய மதியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கோட்டு போட்ட கழுதை, முன்னால் விரித்த வம்சாவளிப் புத்தகம், பக்கம் முழுக்க வரிசை வரிசையாகக் கழுதைகள். பரம்பரைப் பெருமை பேசிய பிரபுக்களுக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்! "பின்னால் இருக்கிற சாம்பலைப் பார், அது கோடு போட்டு வந்ததில்லை. பிசின் பொடியைத் தூவி, சூடு காட்டி, அமிலத்தில் விட்டது" என்றீர்கள். நான் படத்தையே பார்த்தபடி அமிலத் தட்டில் விரலை விட்டுவிட்டேன். திட்டவில்லை நீங்கள். என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டே கழுதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்பாகூட என் கையை அப்படிப் பிடித்ததில்லை.

அந்தக் கைதான் படங்களை இறக்கியது. இறக்கச் சொன்னவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொன்னீர்களா? யார் அவர்கள் என்று நான் எழுதமாட்டேன், அவர்களும் இதைப் படிக்கிறவர்கள். எனக்கு வீட்டு வாடகை இருந்தது, தம்பியின் படிப்பு இருந்தது. உங்களுக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிப் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லையே சார்.

என் தகடுகள் பத்திரமாக இருக்கின்றன. மெழுகுத்தாளில் சுற்றி வைத்திருந்தேன், ஒரு கோட்டையும் தொடவில்லை. அடுத்த மாதம் எல்லாவற்றையும் மறுபடி அச்செடுக்கிறேன், மாட்டவும் போகிறேன். இடத்தை முன்கூட்டிச் சொல்வதாக இல்லை. வாசலில் ஒரு தாளில் கோயாவைப் பற்றி நீங்கள் சொன்னதைப் போட்டு, அதன் கீழே என் மறுப்பையும் போடுவேன். உங்கள் பெயரைச் சேர்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.