மலருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீடு மாற்றிய அலைச்சலில் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. புது வீட்டில் தண்ணீர் மட்டும் தாராளம், மற்றதெல்லாம் சுமார்தான்.

உன் அண்ணன் மகளைப் பற்றி எழுதியிருந்தாய். கணக்கில் முதல் மார்க், பழசையெல்லாம் மறந்துவிட்டாள் என்று. படிப்பில் தேறியது சந்தோஷம். ஆனால் அதே கடிதத்தில், சமையலறையில் தட்டு விழுந்தால் வாசலுக்கு ஓடிவிடுகிறாள் என்றும் எழுதியிருக்கிறாயே! அண்ணன் குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை வீசிய வீட்டில் எட்டு வயது வரை இருந்தவள்.

இதைப் படித்ததும் ருமேனியப் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. 1989 டிசம்பரில் ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோதுதான் அங்கிருந்த அனாதை இல்லங்களின் நிலைமை வெளியே தெரிந்தது. தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல், சரியான சாப்பாடும் இல்லாமல் தொட்டிலிலேயே கிடந்த பிள்ளைகள். ருமேனியாவிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போனவர்களில் 165 பேரை, மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் தொடங்கிய ஆய்வில் இளைஞர்களாகும் வரை விடாமல் கவனித்தார்கள். இல்லத்தில் ஆறு மாதத்துக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள், பிரிட்டனிலேயே பிறந்து தத்துப் போனவர்களைப் போலத்தான் வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து கவனிப்பதும், மனிதர்களோடு பழகுவதும் பெரியவர்களான பிறகும் சிரமமாகவே இருந்தது.

என்னை யோசிக்க வைத்தது வேறு. சிறு வயதில் பின்தங்கியிருந்த அறிவுத்திறன் இருபதுகளில் கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. மனச்சோர்வும் பதற்றமும் அந்த வயதில்தான் அதிகமாயின. நல்ல வீடு, பாசமான அப்பா அம்மா எல்லாம் கிடைத்து இத்தனை வருடம் கழித்து! அதே சமயம், அந்த ஆறு மாதத்தைத் தாண்டியவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் பெரிய பிரச்சினை வரவில்லை. ஆகவே தலையெழுத்து என்றெல்லாம் நினைக்காதே. அந்தப் பிள்ளைகள் பட்டது வேறு, இவள் பட்டது வேறு. இவளுக்கு நீ இருக்கிறாய்.

சொல்ல வந்தது இதுதான். நாளைக்கு விடுதியில் தங்கிப் படிக்கும்போது தூக்கம் கெட்டு, சாப்பிடாமல் அழுதுகொண்டு நின்றால், "இப்போ உனக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்டுவிடாதே. உன் அம்மாவையும் கேட்கவிடாதே, அவர்தான் முதலில் கேட்பார். தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அப்புறம், பொங்கலுக்கு நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். அவளையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடேன். பஸ் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பிறகு கிடைக்காது.

அன்புடன்,
செல்வி