களிமண்ணில் தோலோலிங்கை எழுப்பியவர்களுக்கு நன்றி

ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று நம் ஊர் நூலகத்தில் 1999 கார்கில் போரைப் பற்றி, அதில் பீரங்கிப் படையில் இருந்த நான் பேசியதைக் கேட்க வந்தவர்களுக்கு வணக்கம். ஆளாளுக்குப் போன் போட்டு முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி காருகுறிச்சி வேளார் அண்ணாச்சிக்கு. ஒரு மலையைப் பிடிக்கப் போகுமுன் அதன் மாதிரியைத் தரையில் மணலால் செய்து, ஏறும் வழியைக் காட்டுவது பட்டாள வழக்கம். அதற்காக ஒரு மூட்டை களிமண் கேட்டேன். மூன்று மூட்டையோடு அவரே வந்து உட்கார்ந்துவிட்டார். ஈரக்கையால் ஒரே இழுப்பு, அந்தப் போரில் நாம் பிடிக்க வேண்டியிருந்த தோலோலிங் முகடு எழுந்து நின்றது. "இம்புட்டுச் செங்குத்தாவா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். அப்படியேதான் இருக்கும் அண்ணாச்சி. நம் அகத்தியர் மலை 1,868 மீட்டர். தோலோலிங் 4,500 மீட்டரைத் தாண்டும். ஒளிய ஒரு புதர் கிடையாது.

ஸ்ரீநகர் – லே சாலைக்கு ரிப்பன் ஒட்டிய பிள்ளைகளுக்கும் நன்றி. சண்டையே அந்தச் சாலைக்காகத்தானே. முகட்டின் மேலே இருந்த பாகிஸ்தான்காரன் கண்ணில் படாமல் ஒரு லாரி போக முடியாது.

அடுத்து, முன்வரிசை ஆச்சிக்கு. "மேல இருந்து சுடுதான்னு தெரியும்லா, பொறவு ஏன் நேரா ஏறுனிய? சுத்திப் போயிப் பின்னால பிடிச்சா என்ன?" நல்ல கேள்வி. பதில் சொல்லும்போதுதான் மைக்செட் படுத்துவிட்டது. (யாருடையது என்று எழுத மாட்டேன், ஊருக்கே தெரியும்.) இங்கே சொல்கிறேன் ஆச்சி: பின்பக்கம் நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே உள்ள எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. அதைத் தாண்டக் கூடாதென்று டெல்லி உத்தரவு. அதனால் காலாட்படைப் பையன்கள் ராத்திரியில் முன்பக்கமாகவே ஏறினார்கள். மேலே இருப்பவன் தலையைத் தூக்காமல் பார்த்துக்கொள்வது பீரங்கிக்காரர்களான எங்கள் வேலை. எங்கள் போஃபர்ஸ் பீரங்கியின் குண்டு ஒன்று சுமார் 43 கிலோ, சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. நாலு தூக்கினால் மூச்சு வாங்கும். காற்று மெலிந்த இடம் என்பதால் சமவெளிக் கணக்கில் சுட்டால் குண்டு குறி தாண்டிப் போய் விழும். சுட்டுப் பார்த்துப் பார்த்துத் திருத்தினோம். 1999 ஜூன் 13 விடியலில் காலாட்படையின் ராஜ்புதானா ரைபிள்ஸ் இரண்டாம் பட்டாலியன் உச்சியைப் பிடித்துவிட்டது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். யாரும் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டோம்.

பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுக்குக்காபி போட்டுத் தந்த அக்காமாருக்கும் நன்றி. மூடி நசுங்கிய எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.