செல்விக்கு: அடுத்த ரீடர் வாங்கும்முன்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். கப்பல் யோக்கோஹாமா போகும்போது மின்நூல் படிக்கப் புது இ-ரீடர் வாங்கப்போவதாகச் சொல்லி, எது நல்லா உழைக்கும் என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

லீவில் வந்தபோது நீ விட்டுப்போன பழையதைத் திறந்து பார்த்துவிட்டேன். போர்டு நன்றாக இருக்கிறது. பேட்டரியும் ஓரளவு சார்ஜ் நிற்கிறது. போனது டிஸ்பிளே மட்டும்தான். வெளியே ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் மேல்பாதியில் நீ கடைசியாகப் படித்த பக்கம் அப்படியே நிற்கிறது, கீழ்ப்பாதி முழுக்கக் கோடு. உள்கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது.

போனில் உடைவது வெளிக்கண்ணாடி. விழுந்தால் உடையும், கண்ணுக்கும் தெரியும். இ-ரீடரில் கதை வேறு. மேலே எழுத்தைக் காட்டுகிற மின்மை (இ-இங்க்) படலம் பிளாஸ்டிக்தான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்கள், ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். அவற்றை மேலும் கீழும் இழுக்கிற மின்சுற்று அந்தப் படலத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய கண்ணாடியில் பதிந்திருக்கிறது. அந்தக் கண்ணாடி அப்பளம் மாதிரி. அடி பட வேண்டும் என்றுகூட இல்லை, பைக்குள் சாவிக்கொத்தோ சார்ஜர் தலையோ ஒரே இடத்தில் அழுத்தினால் போதும். துகள்கள் நின்ற இடத்தில் நிற்க மின்சாரம் தேவையில்லை, நகர்த்தத்தான் தேவை. அதனால்தான் சுற்று அறுந்தபிறகும் உன் பழைய பக்கம் போகாமல் இருக்கிறது.

கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் அடித்தளம் போட்ட திரையும் உண்டு. மோபியஸ் என்று பெயர். கோபோ நிறுவனம் 2018இல் விட்ட ஃபார்மாவில் அது இருந்தது. அந்த மாடல் இப்போது புதிதாக வருவதில்லை. எங்காவது நல்ல நிலையில் செகண்ட்ஹேண்ட் கண்ணில் பட்டால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மற்றபடி கடையில் நீ கையில் எடுக்கப்போவது அநேகமாகக் கண்ணாடி வைத்ததுதான். அதை ஏற்றுக்கொண்டு யோசிப்போம்.

எது வாங்கினாலும் கெட்டியான முதுகு உள்ள மூடுகவர் ஒன்றும் சேர்த்து வாங்கு. துணி உறை கீறலுக்குத்தான் ஆகும், அழுத்தத்துக்கு ஆகாது. சைன்-ஆன் பண்ண, அதாவது கப்பலில் வேலைக்கு ஏறப் போகும்போது ரீடரைப் பெட்டிக்குள் போடாதே. கைப்பையில், துணிகளுக்கு நடுவே படுக்கையாக வை. நான் பார்த்த உடைந்த ரீடர்களில் முக்கால்வாசி பயணப் பையில் போனவைதான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டியில் ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருப்பார்கள். நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிஷம் தாங்கும் என்று கிண்டில் பேப்பர்வைட்டுக்கும் சொல்கிறார்கள், கோபோவின் புது மாடல்களுக்கும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ‘எக்ஸ்’ எழுத்தைக் கவனி. தூசிக்கான எண் வரவேண்டிய இடம் அது. எக்ஸ் போட்டால் தூசிக்குச் சோதித்து எண் தரவில்லை என்று அர்த்தம். உன் கப்பலோ இரும்புத்தாதும் நிலக்கரியும் ஏற்றுகிற கப்பல். தண்ணீரைவிட அந்தப் பொடிதான் உனக்குச் சத்துரு. சரக்கு ஏற்றி இறக்கும் நாளில் ரீடரை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துவிடு. பைக்குள் வைத்தபடியே தொட்டுப் படிக்கவும் முடியும்.

உப்புத்தண்ணீர் கணக்கு தனி. பேப்பர்வைட்டுக்கே கடல்நீர் என்றால் கால் மீட்டர் ஆழம், 3 நிமிஷம், அவ்வளவுதான் கணக்கு. கடல்நீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜிங் பின் கீழே பார்க்கும்படி நிறுத்திவை. நன்றாகக் காய்கிறவரை சார்ஜ் போடக் கூடாது. ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் பின் பச்சை பூத்துவிடும். போனிலேயே தினம் அதைத்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவதை இப்போது சொல்கிறேன். ஒரு பொருள் உழைக்குமா என்று நீ கேட்டால், அதைத் திறக்க முடியுமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தண்ணீர் புகாமல் இருக்க முழுக்கப் பசை போட்டு ஒட்டிய கருவியை ஹீட் கன் காட்டித்தான் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போதே டிஸ்பிளே போய்விடும் பயம் உண்டு. பிரித்து ஒட்டியபிறகு அந்த ஐபிஎக்ஸ்8 பேச்சுக்கும் அர்த்தமில்லை. ஆனால் தண்ணீர்த் தடுப்புக்குப் பசை ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதே. 2016இல் கோபோ ஆரா ஒன் வந்தபோது உள்ளே இருக்கும் போர்டின்மேலேயே கண்ணுக்குத் தெரியாத பூச்சு பூசியிருந்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

2024இல் கோபோ கிளாரா பிடபிள்யூ, கிளாரா கலர், லிப்ரா கலர் என்று மூன்று மாடல் விட்டது. ஐஃபிக்ஸிட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, இவற்றைத் திறந்து பழுது பார்க்கும் முறையைப் படம் போட்டு எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். உதிரி பாகமும் விற்க ஏற்பாடு செய்தார்கள். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறவன் சொல்கிறேன், கம்பெனியே வழிகாட்டி கொடுத்து பாகமும் விற்பது பெரிய காரியம். சென்னை ரிச்சி தெருவில் போன் டிஸ்பிளே கூடை கூடையாகக் கிடைக்கும். இ-ரீடர் திரை கேட்டால் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், அதன் விலைக்குச் சற்று மேலே போட்டால் புதுசே வாங்கிவிடலாம். ஆகையால் திரையை நீ காப்பாற்று, பேட்டரியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனைத் தினமும் சார்ஜ் போடுகிறோம், அதனால் இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடுகிறது. ரீடருக்கு வாரக்கணக்கில் நிற்கும். சார்ஜ் எத்தனை தடவை என்ற கணக்கில் அது சாகாது. சூட்டிலும், சுத்தமாகத் தீர்ந்துபோய் மாதக்கணக்கில் கிடப்பதிலும்தான் சாகும். எஞ்சின் ரூமில் 45 டிகிரி தாண்டும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். கிண்டிலுக்குக் கொடுத்திருக்கும் வேலை வெப்பநிலையே 35 டிகிரி வரைதான். ஓய்வு நேரத்தில் படிக்கலாம் என்று கீழே கொண்டுபோகாதே, கேபினிலேயே இருக்கட்டும். லீவில் வந்து பீரோவில் வைக்கும்போது பாதி சார்ஜில் அணைத்து வை. சார்ஜிங் பின் டைப்-சி ஆக இருக்க வேண்டும், பழைய மைக்ரோ யுஎஸ்பி பின் உள்ளதைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடாதே.

கலர் திரை வேண்டுமா என்று உன் அம்மா கேட்டாள். நீ படிப்பது நாவலும் கட்டுரையும். கலர் வடிகட்டி மேலே வந்தால் திரை கொஞ்சம் மங்கும், விளக்கைக் கூட்டி வைக்க வேண்டிவரும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். கறுப்பு வெள்ளையே போதும்.

கருவி பத்து வருஷம் உழைத்தாலும் அதிலுள்ள புத்தகம் உழைக்காமல் போனால் என்ன பிரயோஜனம்? 2009இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அழித்துவிட்டது. உரிமை இல்லாதவர் விற்ற பதிப்பு என்பது காரணம். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போய்விட்டன. 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டிலில் வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. கரையில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நடுக்கடலில் நெட் அளந்து கிடைக்கிற உனக்கு இது பெரிய விஷயம்.

அதற்காகக் கிண்டிலை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. 2016 டிசம்பரில் தமிழ்ப் புத்தகங்களை அங்கே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு எழுதுகிறவர்களில் பலருடைய நூல் அங்கேதான் எளிதாகக் கிடைக்கிறது. அதை மறைத்துப் பேசக் கூடாது. அந்தப் புத்தகங்களை உன் போனில் இருக்கும் கிண்டில் செயலியில், கப்பல் ஏறும்முன் இறக்கி வைத்துக்கொள். சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டியவற்றை, மின்நூலுக்கான பொது வடிவமான ஈபப் கோப்பாகச் சேர்த்து வை. 1998இலிருந்து மதுரைத் திட்டத்தில் சங்கநூல் தொடங்கி எவ்வளவோ ஏற்றியிருக்கிறார்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் உண்டு, ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்த பிடிஎஃப்பும் உண்டு. ஒரு காசு வாங்காமல் இதைச் செய்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. எல்லாவற்றையும் காலிபர் மென்பொருளில் அடுக்கி, ஒரு பிரதி உன் லேப்டாப்பிலும் ஒரு பிரதி நம் கடைக் கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்.

கடையில் பணம் கொடுக்கும்முன் ஒன்று செய். தமிழ் ஈபப் ஒன்றை ஏற்றித் திறந்து பார்க்க விடுவார்களா என்று கேள். ‘கொ’, ‘பௌ’, ‘ஸ்ரீ’ மூன்றும் ஒழுங்காக வருகிறதா பார். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் அடுக்கத் தெரியவில்லை என்று பொருள். அப்படி இருந்தாலும் கோபோ என்றால் வழி இருக்கிறது. கோரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிட்டால் தமிழ் எழுத்து சரியாக உட்காரும், எழுத்துருவும் நமக்குப் பிடித்ததை ஏற்றிக்கொள்ளலாம். நீ ஊருக்கு வரும்போது நானே போட்டுத் தருகிறேன்.

ஆக, என் வாக்கு கிளாரா பிடபிள்யூவுக்கு. ஆறு அங்குலம், 16 ஜிபி, 1500 எம்ஏஎச் பேட்டரி. உன் பாய்லர் சூட் பாக்கெட்டில்கூட அடங்கும், ஆனால் அங்கே வைக்காதே. கோபோ இப்போது ஜப்பானின் ரக்குட்டன் நிறுவனத்துடையது என்பதால் அங்கே வாங்குவது சிரமமாக இருக்காது. ஜப்பான் தவறிப்போய் ராட்டர்டாம் போனாலும் அவசரம் வேண்டாம், நெதர்லாந்திலும் கோபோ விற்கிறார்கள். வாங்கியதும் பில்லைப் படம் எடுத்து அனுப்பு, பின்பக்கத்து மாடல் எண் தெரியும்படி இன்னொரு படமும் வேண்டும். அதற்கேற்ற பேட்டரி எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வைக்கிறேன். உன் பழையதன் போர்டை நான் எறியவில்லை. அதே மாடலில் திரை நன்றாக இருந்து போர்டு போன ஒன்று யாரிடமாவது வந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம். உன் தம்பி ஏற்கெனவே அதைக் கேட்டு வைத்துவிட்டான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. துறைமுகம் வந்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடு.

இப்படிக்கு,
அப்பா