தனிமத்துக்குப் பெயர் வைப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய தனிமத்தைக் கண்டுபிடித்தவர் உடனே தனக்குப் பிடித்த பெயரை வைத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 113-ஆம் தனிமத்தையே பாருங்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் பிஸ்மத் படலத்தின் மீது துத்தநாக அணுக்கருக்களை மோதவிட்டு 2004, 2005, 2012 ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூன்றே அணுக்களைப் பெற்றது. முதல் இரண்டும் டப்னியம் (105-ஆம் தனிமம்) வரை சிதைந்து அங்கேயே பிளந்துவிட்டன. மூன்றாவதுதான் மெண்டலீவியம் (101-ஆம் தனிமம்) வரை ஆல்ஃபா சிதைவாகவே, அதாவது ஒவ்வொரு படியிலும் ஒரு ஹீலியம் அணுக்கருவை உமிழ்ந்தே, இறங்கி ஐயத்தைத் தீர்த்தது. அங்கீகாரம் வந்தது 2015 டிசம்பரில்.

அதன்பிறகே கண்டுபிடித்த குழு பெயரை முன்மொழியலாம். புராணம், கனிமம், இடம், பண்பு, அறிவியலாளர் ஆகியவற்றில் ஒன்றைத் தழுவியதாக இருக்கவேண்டும். ஐந்து மாதம் பொதுமக்கள் கருத்துக்கு வைத்து, 2016 நவம்பர் 28-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 'நிஹோனியம்' என்பதை உறுதிசெய்தது.

நிஹோன், நிப்போன் இரண்டுமே ஜப்பானைக் குறிக்கும் ஜப்பானியப் பெயர்கள்தாம். அப்படியானால் 'நிப்போனியம்' ஏன் கூடாது? 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் ஒகாவா 43-ஆம் தனிமத்தைக் கண்டதாக அறிவித்துச் சூட்டி, பின்னர் கைவிடப்பட்ட பெயர் அது. ஒருமுறை கைவிட்ட பெயரை வேறு தனிமத்துக்குச் சூட்டக்கூடாது என்பது விதி. குழப்பத்தைத் தடுக்கும் மிக நல்ல விதி.

தேர்வு வழிகாட்டிகளில் 113-ஆம் தனிமத்துக்கு 'அன்அன்ட்ரியம்' என்ற பழைய தற்காலிகப் பெயர் இன்னும் இருந்தால், பதிப்பாளர்கள் அடுத்த அச்சிலேயே திருத்தவேண்டும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்