கறுப்பு முகம் கமராவில் எடுபடும்

ஆசிரியருக்கு,

திருகோணமலையில் எடுக்கப்படும் குறும்படங்கள் பலவற்றில் மீனவராக வரும் நாயகன் வெளிர்நிறம், அடியாள்தான் கறுப்பு. கேட்டால் "கறுப்பு முகம் கமராவில் எடுபடாது" என்கிறார்கள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சத்தை அளப்பதில்தான் பிழை.

அந்தப் பிழை பிலிம் காலத்திலேயே தொடங்கியது. கொடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய நிற அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷேர்லி அட்டை' என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கபில நிறங்கள் துலங்கவில்லை என்று சொக்லேற், தளபாட உற்பத்தியாளர்கள் முறையிட்டதும் பிலிமைத் திருத்த ஒரு காரணமானது. மனித முகங்கள் அதுவரை காத்திருந்தது வேதனை.

இன்றைய கமரா காட்சி முழுவதையும் சராசரியாக்கி வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவான சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். நிலாவெளியில் உச்சிவெயிலில் வெண்மணல் பின்னால் இருந்தால் அது எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் போய்விடும். போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள், பிறகு சற்றுக் கூட்டுங்கள். நடிகரை நிழலுக்கு நகர்த்தி, மூன்று நான்கு அடி தள்ளிப் பக்கவாட்டில் வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடியுங்கள். வீட்டுக்குள் என்றால் வெள்ளைச் சுவரிலிருந்து ஆறடி விலகட்டும், வெள்ளைச் சட்டையும் வேண்டாம். கறுப்புத் தோல் தன் மினுக்கத்தால் வடிவம் காட்டும். ஆகவே சின்ன விளக்கை நேரே அடிக்காமல், துணியால் மறைத்த பெரிய வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து விடுங்கள். வெளிச்சம் குறித்த அளவை எட்டிய இடத்தில் கமராத் திரையில் கோடுகள் காட்டும் வரிக்குறியை (zebra) 70 சதவீதத்தில் வைப்பது வெளிர்தோலுக்கான வழக்கம். கறுப்பு முகத்துக்கு 45 முதல் 55 வரை போதும். 70க்கு இழுத்தால் சாம்பல் பூத்துவிடும்.

வெளிர் பவுடரும் அதே சாம்பலைத்தான் தரும், வியர்த்தால் கோடு கோடாய் இறங்கும். பூச்சின் நிறத்தைப் புறங்கையில் அல்ல, தாடையோரத்தில், பகல் வெளிச்சத்தில் பொருத்துங்கள். போனின் அழகூட்டும் பில்டரை முதலே அணையுங்கள். பதிவான பின் அதை நீக்க முடியாது.

வெளிர்நிற நடிகருக்குக் கறுப்புப் பூசுவது இதைவிட மோசம். காதும் கழுத்தும் உள்ளங்கையும் காட்டிக்கொடுக்கும். அந்த வேடத்துக்குரிய நடிகருக்கு வாய்ப்பும் போய்விடும். நம்மவர் முகம் திரையில் எடுபடும் என்பதற்குச் சான்றும் உண்டு: 2015இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதான தங்கப்பனையை வென்ற 'தீபன்' படத்தின் நாயகனாக நடித்தவர் நம் நாட்டில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி.

குறும்படப் போட்டி நடத்துவோர் தங்கள் விதிகளில் இரண்டைச் சேர்க்க வேண்டும்: நிறம் வெளுக்கும் பில்டர் கூடாது, தோலுக்குக் கறுப்புப் பூச்சு கூடாது.

இப்படிக்கு,
ஒளிப்பதிவாளர்கள் சிலர்,
திருகோணமலை